பிஎஸ்ஏ எம்20: முன் ஃபோர்க்குக்குக் கடைந்த ஸ்பிண்டில்களும் புஷ்களும்

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைப் புதுப்பிக்கிறேன் என்று சொன்னால், கேட்பவர்கள் முதலில் விசாரிப்பது பெயின்ட்டைப் பற்றித்தான். என்ன நிறம், குரோம் பூச்சு எங்கெங்கே, டாங்க்கில் கோடு கையால் இழுத்ததா என்றெல்லாம் கேட்பார்கள். எனக்கும் அதெல்லாம் பிடிக்கும். ஆனால் வண்டியை ஓட்டும்படி வைத்திருப்பது ஒன்றோடொன்று உரசும் இரண்டு உலோகப் பரப்புகளுக்கு நடுவில் இருக்கிற இடைவெளி. அது சரியாக இருந்தால் எண்பது வயது வண்டிகூட நேராக ஓடும். கூடிப்போனால், மேலே எவ்வளவு மெருகு ஏற்றியிருந்தாலும் ஹேண்டில் உதறும், இன்ஜின் தட்டும்.

இந்தக் குறிப்பு ஒரு பிஎஸ்ஏ எம்20 வண்டியின் முன் ஃபோர்க்கில் இருந்த ஆட்டத்தை, வீட்டுப் பட்டறையில் ஒரு சின்ன லேத்தை வைத்து எடுத்ததைப் பற்றியது. கடைசியில், பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் சிறுமுனை, அதாவது பிஸ்டன் பக்கத்து முனையின் புஷ்ஷும் (துளைக்குள் உட்காரும் உலோக உறை) வருகிறது, ஏனென்றால் இரண்டிலும் வேலையின் தர்க்கம் ஒன்றுதான்: புதுப் பாகத்தை வரைபட அளவுக்குக் கடையாமல், அது போய்ச் சேரப்போகிற பழைய பாகத்தை அளந்து அதற்கேற்பக் கடைய வேண்டும்.

எம்20 பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். பிஎஸ்ஏ என்ற பிரிட்டிஷ் கம்பெனிக்காக வால் பேஜ் வடிவமைத்த எம் வரிசையில் 1937க்கு வந்த வண்டி. ஒற்றை சிலிண்டர், சைடு வால்வு, 82 மி.மீ விட்டம், 94 மி.மீ ஸ்ட்ரோக், 496 சிசி. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவத்துக்காக 1,26,000க்கும் மேல் செய்தார்கள். வேகத்துக்குப் பெயர் பெற்ற வண்டி இல்லை. கம்ப்ரஷன் குறைவு, மட்டமான பெட்ரோலிலும் ஓடும், களத்தில் சாதாரணக் கருவிகளை வைத்தே பிரித்து மாட்டலாம். இந்தக் கடைசிக் குணத்துக்காகவே வீட்டுப் பட்டறைக்கு இதைவிட நல்ல வண்டி கிடையாது என்பேன். பெரும்பாலான பாகங்கள் சாதாரண லேத் வேலையில் பிறந்தவை. அதனால் சாதாரண லேத்திலேயே மறுபடி பிறக்கவும் முடியும்.

போர்க்கால எம்20க்கு முன்னால் இருப்பது கர்டர் ஃபோர்க். இப்போதைய வண்டிகளில் இருப்பதுபோல் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய்கள் இதில் இல்லை. சக்கரத்தைப் பிடித்திருக்கும் கர்டர் என்ற சட்டம், மேலே இரண்டு கீழே இரண்டு என்று லிங்க் தட்டுகளால் ஸ்டீரிங் தலையோடு இணைந்திருக்கும். நடுவில் ஒரு பெரிய ஸ்பிரிங். லிங்க்குகள் சுழல்வதற்கு நான்கு ஸ்பிண்டில்கள், அதாவது குறுக்குத் தண்டுகள். சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் இந்த நான்கு ஸ்பிண்டில்களும் தங்கள் புஷ்ஷுக்குள் சில டிகிரி மட்டும் திரும்பித் திரும்பி வரும். முழுச் சுற்று ஒருபோதும் சுற்றாது. அதனால் தேய்மானம் வட்டமாக வராது. சுமை அழுத்தும் பக்கத்தில் மட்டும் பள்ளம் விழும், துளை முட்டை வடிவமாகும். இப்படி நான்கு இடத்தில் கொஞ்சம் கொஞ்சம் ஆட்டம் சேர்ந்தால் சக்கரத்தின் அடியில் அது பல மடங்கு பெரிதாகத் தெரியும்.

ஆட்டம் எங்கே என்று கண்டுபிடிப்பதில் அவசரம் கூடாது. முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி வைத்துவிட்டு, ஃபோர்க்கின் கீழ்முனையை முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தால் ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். அது ஸ்டீரிங் தலையின் பேரிங்கில் இருந்தும் வரலாம், ஸ்பிண்டில்களில் இருந்தும் வரலாம். ஒருவரை ஃபோர்க்கை ஆட்டச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு இணைப்பின் மேலும் விரலை வைத்துப் பார்ப்பதுதான் நல்ல வழி. நகரும் இரண்டு பரப்புகளையும் ஒரே நேரத்தில் விரல் தொட்டுக்கொண்டிருந்தால், கண்ணுக்குத் தெரியாத நூறில் சில பங்கு மில்லிமீட்டர் அசைவைக்கூட விரல் சொல்லிவிடும். இந்த ஃபோர்க்கில் தலைப் பேரிங் நன்றாகவே இருந்தது. கீழே இருந்த இரண்டு ஸ்பிண்டில்களும் மோசம், மேலே இருந்தவை பரவாயில்லை ரகம். இருந்தாலும் நான்கையும் மாற்றுவது என்று முடிவு செய்தேன். இரண்டு புதிதும் இரண்டு தேய்ந்ததுமாக இருந்தால் லிங்க்குகள் ஒரே மாதிரி நகராது.

பிரிப்பதற்கு முன் ஸ்பேனர் விஷயம். இந்தக் காலத்துப் பிரிட்டிஷ் வண்டிகளுக்கு மெட்ரிக் ஸ்பேனர் பொருந்தாது. விட்வொர்த் ஸ்பேனரில் பொறித்திருக்கும் எண், நட்டின் அகலத்தைக் குறிக்காது, அதற்குள் போகிற போல்ட்டின் விட்டத்தைக் குறிக்கும். கால் அங்குலம் என்று எழுதிய விட்வொர்த் ஸ்பேனரின் வாய் 13.3 மி.மீ சுமாருக்கு இருப்பது அதனால்தான். 13 எண் ஸ்பேனர் ஏறாது, 14 வழுக்கும். வழுக்கி முனை மழுங்கிய நட்டுகளைத்தான் பாதி வண்டிகளில் பார்க்கிறோம். நல்ல விட்வொர்த் செட் ஒன்று வாங்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

கழற்றிய பாகங்களில் துருவை எடுக்க, வாஷிங் சோடா கரைத்த தண்ணீரில் பேட்டரி சார்ஜரை வைத்து மின்பகுப்பு செய்தேன். பாகம் எதிர்முனையில், ஒரு வேண்டாத இரும்புத் தகடு நேர்முனையில். தகட்டுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வைக்கவே கூடாது, குரோமியம் கரைந்து விஷமாகும். ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால் திறந்த இடத்தில்தான் இதைச் செய்ய வேண்டும். ஃபோர்க் ஸ்பிரிங்கை மட்டும் தொட்டியில் போடவில்லை. கடினப்படுத்திய ஸ்டீலுக்குள் ஹைட்ரஜன் புகுந்தால் அது நொறுங்கும் தன்மை பெற்றுவிடும். அதைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தே சுத்தம் செய்தேன். சுத்தமான பிறகு கர்டரின் பற்றவைப்பு மூட்டுகள் எல்லாவற்றிலும் விரிசல் காட்டும் சிவப்பு மையைத் தடவி, துடைத்து, வெள்ளைப் பொடி அடித்துப் பார்த்தேன். கோடு எதுவும் எழவில்லை. இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு மேற்கொண்டு வேலை செய்வதில் அர்த்தமில்லை. விரிசல் விட்ட கர்டருக்குப் புது ஸ்பிண்டில் எதற்கு?

சரி, அளவெடுப்பு. கர்டர் ஃபோர்க் ஸ்பிண்டிலில் ஒரு வசதி இருக்கிறது. புஷ்கள் இரண்டு முனையில்தான் உட்கார்ந்திருக்கும், நடுப்பகுதி எதையும் தொடாமல் கிரீஸுக்குள் சும்மா இருக்கும். ஆகவே எத்தனை ஆண்டு ஓடியிருந்தாலும் நடுவில் தொழிற்சாலை கொடுத்த விட்டம் அப்படியே இருக்கும். மைக்ரோமீட்டரை நடுவில் வைத்தால் பழைய அளவு, முனையில் வைத்தால் இன்றைய அளவு. கீழ் ஸ்பிண்டிலில் இந்த இரண்டுக்கும் 0.2 மி.மீ வித்தியாசம் இருந்தது. ஒரே இடத்தில் 90 டிகிரி திருப்பி அளந்தால் அங்கேயும் வித்தியாசம் காட்டியது, அதாவது தண்டும் உருளையாக இல்லை. பழைய புஷ்களைத் தட்டி எடுத்துவிட்டு, அவை உட்கார்ந்திருந்த துளைகளையும் ஒவ்வொன்றாக அளந்தேன். ஒவ்வொரு துளையிலும் வெளிவாய், நடு, உள்வாய் என மூன்று ஆழம், ஒவ்வொன்றிலும் இரண்டு திசை. துளைகள் ஒன்றுக்கொன்று நூறில் சில பங்கு வேறுபட்டன. முன்னொரு காலத்தில் யாரோ புஷ் மாற்றியபோது ஒரு துளையை லேசாகக் கீறியும் இருந்தார்கள்.

இந்த இடத்தில்தான் தனித்தனியாக அளந்து கடைவதன் அருமை தெரிகிறது. தயார் நிலையில் விற்கிற புஷ் எல்லாத் துளைக்கும் ஒரே வெளிவிட்டத்தில் வரும். ஒரு துளையில் சுளுவாக விழும், இன்னொன்றில் இறங்காமல் நெளியும். லேத் கையில் இருந்தால் ஒவ்வொரு புஷ்ஷையும் அதனதன் துளைக்கு வேண்டிய இறுக்கத்தோடு, அதாவது துளையைவிடத் துளி பெரிதாகக் கடைந்துகொள்ளலாம். எல்லாவற்றுக்கும் எண்ணெழுத்துக் குத்தி ஒரு தாளில் எழுதி லேத்துக்கு மேலே ஒட்டிவைத்தேன்.

வேலையின் வரிசையைப் பற்றி ஒரு வார்த்தை. துளையைச் சரியான அளவுக்குக் கொண்டுவருவது கடினம், தண்டைக் கொண்டுவருவது சுலபம். தண்டிலிருந்து 0.01 மி.மீ எடுக்க வேண்டுமென்றால் கூரான டூலும் பொறுமையும் போதும். துளையை முடிக்கிற வெட்டுக்கருவியான ரீமர் தன் அளவுக்குத்தான் வெட்டும், நம் விருப்பத்துக்கு வெட்டாது. அதனால் முதலில் புஷ்களைக் கடைந்து, அழுத்தி, ரீமர் ஓட்டி முடித்துவிட்டு, கிடைத்த துளையை அளந்து, அதற்கேற்பத்தான் ஸ்பிண்டிலை முடிக்க வேண்டும். ஸ்பிண்டில்களை முன்கூட்டியே 0.3 மி.மீ பருமன் கூட வைத்து முரட்டுக் கடைசல் மட்டும் போட்டு வைத்துவிடலாம்.

புஷ்களுக்கு எடுத்தது ஈயம் கலந்த வெண்கலம், எஸ்ஏஇ 660 என்ற ரகம். செம்பு 83, வெள்ளீயம் 7, ஈயம் 7, துத்தநாகம் 3 சதவீதம். பாஸ்பர் வெண்கலம் இதைவிட உறுதி, ஆனால் அதற்கு நல்ல கடினமான தண்டும் தொடர்ந்து எண்ணெயும் வேண்டும். முன் ஃபோர்க் என்பது மாதக்கணக்கில் கிரீஸ் காணாமல் போகக்கூடிய இடம். அங்கே ஈயத்தின் வழுக்கும் குணம் காப்பாற்றும். இன்ஜினுக்குள் போகும் சிறுமுனைப் புஷ்ஷுக்குப் பாஸ்பர் வெண்கலத்தையே வைத்தேன், ஏனென்றால் அங்கே அடி பலமானது.

வெண்கலத்தைக் கடைவது இதமான வேலை, இரண்டு விஷயங்களைக் கவனித்தால். ஸ்டீலுக்குத் தீட்டிய டூலை வைத்தால் உலோகத்துக்குள் கொக்கிபோட்டு இழுக்கும். டூலின் மேற்பரப்பு சரிவே இல்லாமல் தட்டையாக இருக்க வேண்டும். டிரில்லுக்கும் இதே கதைதான். வெட்டும் விளிம்பின் முகத்தில் எண்ணெய்க்கல்லால் லேசாக ஒரு தட்டைப் பட்டை போட்டுவிட்டால் டிரில் தானாக உள்ளே பாயாது. வேகம் நிமிடத்துக்கு 30 மீட்டர் என்று கணக்கு வைத்தால், 25 மி.மீ கம்பிக்கு சுமார் 380 சுற்று வரும். என் லேத்தில் அதற்கு மிக அருகில் ஒரு வேகம் இருந்தது.

உள்துளை, வெளிவிட்டம், முகம் மூன்றையும், லேத்தில் கம்பியைப் பிடித்திருக்கும் சக்கிலிருந்து கழற்றாமல் ஒரே பிடியில் முடிக்க வேண்டும். மூன்று தாடைச் சக் ஒன்றிலிருந்து கழற்றித் திருப்பிப் பிடித்தால் 0.05 மி.மீ, சிலசமயம் அதற்கு மேலும் மையம் விலகும். அந்த விலகல் புஷ்ஷுக்குள் போனால், பிறகு ரீமர் ஒரு பக்கம் அதிகமாக வெட்டும். ஒரே பிடியில் முடித்து அப்புறம்தான் வெட்டி எடுத்தேன். பின்முகத்தைச் சுத்தம் செய்ய மட்டும் நான்கு தாடைச் சக்கில் டயல் கேஜ் வைத்து மையம் பார்த்துக்கொண்டேன்.

அளக்கும்போது சூடு ஏமாற்றும். வெண்கலம் ஒரு டிகிரிக்கு, ஒரு மீட்டர் நீளத்துக்கு, 0.018 மி.மீ அளவுக்கு விரியும். 25 மி.மீ விட்டமுள்ள புஷ் கடைசலில் 40 டிகிரி சூடேறியிருந்தால் விட்டம் கிட்டத்தட்ட 0.018 மி.மீ கூடித் தெரியும். நான் தேடுகிற இறுக்கமே 0.03 மி.மீ என்னும்போது இது சின்ன விஷயமில்லை. சூட்டோடு அளந்து சரி என்று விட்டுவிட்டால் ஆறியதும் இறுக்கத்தில் பாதிக்கு மேல் காணாமல் போயிருக்கும். கடைசி வெட்டுக்கு முன் லேத்தை நிறுத்திவிட்டு, பாகம் தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும்வரை வேறு ஏதாவது வேலை பார்ப்பது என் வழக்கம். அந்த இடைவேளையில் அடுத்த புஷ்ஷுக்கான கம்பியை ரம்பத்தால் அறுத்துக்கொள்ளலாம்.

புஷ்ஷை உள்ளே அழுத்துவதற்குச் சுத்தியல் வேண்டாம். நீண்ட போல்ட், இரண்டு தடிமனான வாஷர், ஒரு நட் போதும். போல்ட்டைத் துளை வழியாகச் செருகி நட்டைத் திருகினால் புஷ் நேராக, சத்தமில்லாமல் உள்ளே இழுபட்டுப் போகும். புஷ்ஷின் முன்விளிம்பில் மெல்லிய சரிவு ஒன்று கடைந்துவிட்டால் கோணலாகத் தொடங்காது. போல்ட்டின் மேல் ஒரு வழிகாட்டி உருளையைப் புஷ்ஷின் உள்விட்டத்துக்குக் கடைந்து போட்டுக்கொண்டேன். இப்படிச் சின்னச் சின்னத் துணைக்கருவிகள் செய்யவே லேத் பாதி நேரம் ஓடுகிறது, அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அவை அடுத்த வண்டிக்கும் உதவும்.

உள்ளே போனதும் புஷ்ஷின் துளை சுருங்கும். வெளியே கொடுத்த இறுக்கத்தில் பெரும்பகுதி உள்ளே குறையும். அதற்காகவே உள்துளையை ரீமர் அளவுக்குக் கொஞ்சம் குறைவாக வைத்திருந்தேன். இப்போது இரண்டு முனைப் புஷ்களும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி ரீமர் ஓட வேண்டும். ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாகக் கையால் ரீமர் விட்டால், இரண்டு துளையும் தனித்தனியே அழகாக இருக்கும், ஆனால் ஸ்பிண்டில் இரண்டிலும் சேர்ந்து நுழையாது. அதற்கு ஒரு வழிகாட்டி புஷ் கடைந்தேன். வெளியே எதிர்முனையின் துளைக்குள் வழுக்கிச் செல்லும் அளவு, உள்ளே ரீமரின் தண்டுக்கு ஆட்டமில்லாத அளவு. ரீமர் ஒரு முனையை வெட்டும்போது அதன் தண்டை மறுமுனை பிடித்துக்கொள்ளும். ரீமரை ஒருபோதும் பின்பக்கமாகத் திருப்பக்கூடாது, வெளியே எடுக்கும்போதுகூட முன்பக்கமாகவே திருப்பிக்கொண்டு இழுக்க வேண்டும். அப்புறம் கிரீஸ் நிப்பிள் துளையைப் புஷ் வழியாகத் தொடர்ந்து துளைத்து, பிசிறு எடுத்தேன்.

இனி ஸ்பிண்டில். இங்கே எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது உயிர் சம்பந்தப்பட்டது. சில்வர் ஸ்டீல் என்ற கம்பி நன்றாகத் தீட்டிய பரப்போடு சரியான அளவில் கிடைக்கும், கடினப்படுத்தவும் முடியும். அப்படிச் செய்து ஃபோர்க்கில் போட்டவர்களை அறிவேன். எனக்கு அதில் சம்மதமில்லை. கண்ணாடி மாதிரிக் கடினமான தண்டு முன்சக்கரத்தைத் தாங்கும் இடத்தில் உடைவதைவிட, கொஞ்சம் சீக்கிரம் தேய்கிற தண்டு மேல். நான் வைத்தது இஎன்24டி. நிக்கல், குரோமியம், மாலிப்டினம் கலந்த ஸ்டீல், ‘டி’ நிலையில் ஏற்கெனவே பதப்படுத்தி வருவது. சதுர மில்லிமீட்டருக்கு 850 முதல் 1000 நியூட்டன் வரை இழுவிசை தாங்கும், ஆனாலும் லேத்தில் கடைய முடியும். கடைந்தபின் மறுபடி சூடுபடுத்தத் தேவையில்லை என்பதால் வளையாது.

நீளமான, மெல்லிய தண்டை, இரு முனையையும் தாங்கும் கூர்முனைகளான இரண்டு சென்டர்களுக்கு நடுவில் வைத்துத்தான் கடைய வேண்டும். அதற்கு முதலில், ஒரு சென்டரைத் தாங்கும் லேத்தின் வால்பகுதியான டெயில்ஸ்டாக் நேராக இருக்க வேண்டும். ஒரு வேண்டாத கம்பியைச் சென்டர்களுக்கு நடுவில் வைத்து, இரண்டு முனையிலும் ஒரே டூல் அமைப்பில் மெல்லிய வெட்டுப் போட்டு அளந்து பார்த்தேன். இரண்டு முனை விட்டத்துக்கும் 0.02 மி.மீ வித்தியாசம் இருந்தால் டெயில்ஸ்டாக்கை அதில் பாதி, அதாவது 0.01 மி.மீ நகர்த்த வேண்டும். டயல் கேஜ் வைத்துக்கொண்டு நகர்த்தினால்தான் இந்த அளவு சாத்தியம். இதைச் செய்ய ஒரு மாலைப் பொழுது போனாலும் போகட்டும், நான்கு ஸ்பிண்டில்களும் அதற்குப் பதில் சொல்லும்.

இஎன்24டிக்கு ஹைஸ்பீடு ஸ்டீல் டூல், நிமிடத்துக்கு 16 மீட்டர் சுமாரான வேகம், வெட்டு எண்ணெய் தாராளமாக. தண்டு மெல்லியது என்பதால் டூல் அழுத்தும்போது நடுப்பகுதி பின்வாங்கும். அதனால் நடு பருத்தும் முனைகள் மெலிந்தும் வரும். டூலின் மூக்கை மிகச் சிறிய வளைவோடு, நன்றாகக் கூராக்கி, கடைசி வெட்டுகளை மெல்லியதாக எடுத்தால் இது கட்டுக்குள் இருக்கும். புஷ்ஷைத் தொடாத நடுப்பகுதியை 0.2 மி.மீ வேண்டுமென்றே குறைத்துக் கடைந்தேன். கிரீஸ் தங்குவதற்கு இடம், தண்டு நுழைக்கும்போது உரசலும் இல்லை. அளவு மாறும் இடத்தில் கூர்மையான படி விடாமல் வளைவாக இறக்கினேன். கூர்மையான உள்மூலையில்தான் விரிசல் பிறக்கும்.

புஷ்ஷுக்கும் ஸ்பிண்டிலுக்கும் நடுவில் நான் வைத்த இடைவெளி 0.03 முதல் 0.04 மி.மீ. துளைகள் ஒன்றுக்கொன்று துளி மாறியதால் ஸ்பிண்டில்களும் துளி மாறின. முகத்தில் ஒன்று, இரண்டு என்று புள்ளி குத்தி, எது எங்கே என்பதை அடையாளப்படுத்தினேன். இடம் மாற்றிப் போட்டாலும் நுழையும், ஆனால் அப்படிப் போடுவதற்கா இவ்வளவு அளந்தோம்?

மரை போடுவது இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பழைய ஸ்பிண்டில்களில் இருந்தது அங்குலத்துக்கு 26 மரை கொண்ட சைக்கிள் மரை. கோணம் 60 டிகிரி, அதனால் 55 டிகிரி விட்வொர்த் டூல் இங்கே உதவாது. 26 மரை என்றால் ஒரு மரைக்கு 0.977 மி.மீ. இது ஆபத்தான எண், ஏனென்றால் 1 மி.மீ மெட்ரிக் மரைக்கு மிகவும் பக்கத்தில் இருக்கிறது. அந்த மெட்ரிக் நட் ஒன்று இதன்மேல் இரண்டு மூன்று சுற்று இதமாகவே ஏறும். ஒவ்வொரு மரைக்கும் 0.023 மி.மீ விலகி, பத்தாவது மரையில் விலகல் 0.23 ஆகிவிடும். ஏறவில்லையே என்று ஸ்பேனர் போட்டு இறுக்கினால் இரண்டு மரையும் நாசம். பழைய வண்டிகளில் ‘மரை போன’ ஸ்டட்களில் பல இப்படி வந்தவைதான்.

டூலை நகர்த்தும் திருகுத்தண்டான லீட்ஸ்குரூ மெட்ரிக்கில் இருக்கும் லேத்தில் அங்குல மரை வெட்ட 127 பல் கொண்ட கியர் தேவை. ஓர் அங்குலம் 25.4 மி.மீ, அதை ஐந்தால் பெருக்கினால் 127, முழு எண்ணாக வரும் முதல் இடம் அது. இந்த ஒரு கியர் இருந்தால் அங்குலமும் மில்லிமீட்டரும் துல்லியமாகக் கைகோக்கும். ஆனால் ஒரு நிபந்தனை: மரை முடியும்வரை லீட்ஸ்குரூவைப் பிடிக்கும் பாதி நட்டைத் திறக்கக்கூடாது. திறந்தால் திரும்ப அதே பள்ளத்தில் டூல் இறங்காது. ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் டூலை வெளியே இழுத்து, லேத்தைப் பின்பக்கமாக ஓட்டித் தொடக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். நான் மோட்டாரை நம்பாமல் லேத்தின் பின்முனையில் ஒரு கைப்பிடியை மாட்டிச் சுற்றினேன். மரை குட்டையானது என்பதால் கைக்கு வலிக்கவில்லை, படியின் அருகில் டூல் நிற்க வேண்டிய இடத்தில் சரியாக நின்றது. சைக்கிள் மரையின் ஆழம் ஒரு மரை நீளத்தில் 0.5327 பங்கு, இங்கே 0.52 மி.மீ. முக்கால்வாசி ஆழத்தை டூலால் வெட்டிவிட்டு, மிச்சத்தை 26 மரை டையால் முடித்தேன். டை மட்டும் போட்டால் மரை கோணலாகத் தொடங்கும், டூல் மட்டும் போட்டால் மரையின் உச்சியும் அடியும் வளைவாக வராது. இரண்டும் சேர்ந்தால் பழைய லிங்க் தட்டுக்குள் விரலாலேயே ஏறுகிற மரை கிடைக்கிறது.

மாட்டும்போது, லிங்க் தட்டுக்கும் ஃபோர்க்குக்கும் நடுவில் விளிம்பு சொரசொரப்பாக நர்லிங் போட்ட ஒரு வாஷர் இருக்கும். அழகுக்காக வைத்ததில்லை அது. இரண்டு பக்க நட்டுகளையும் தளர்த்திவிட்டு ஸ்பிண்டிலைத் திருப்பினால் லிங்க்குகள் நெருங்கும் அல்லது விலகும். பக்கவாட்டு ஆட்டம் முழுதும் போய், ஆனால் இந்த வாஷரை விரலால் இன்னும் திருப்ப முடிகிறது என்ற நிலைதான் சரியான நிலை. அப்புறம் ஸ்பிண்டிலை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டுகளை இறுக்கி, வாஷரை மறுபடி திருப்பிப் பார்க்க வேண்டும். இறுக்கும்போது நிலை கொஞ்சம் மாறும், பெரும்பாலும் ஒருமுறைக்கு மேல் செய்ய வேண்டியிருக்கும். அளவுக் கருவி எதுவும் இல்லாமல் சாலையோரத்தில் ஒரு சிப்பாய் சரிபார்க்கும்படி இதை யோசித்தவருக்கு என் மரியாதை. ஸ்பிரிங் இல்லாமல் ஃபோர்க்கை மேலும் கீழும் முழுத் தூரமும் அசைத்துப் பார்த்தேன். எங்கும் பிடிக்காமல், தன் எடையிலேயே கீழே இறங்கியது. அதற்குப் பிறகுதான் ஸ்பிரிங்கைப் போட்டேன்.

இனி சிறுமுனைப் புஷ். சிலிண்டரைக் கழற்றியபோது பிஸ்டன் பின்னில் லேசான ஆட்டம் தெரிந்தது. கிராங்க்கைப் பிரிக்க வேண்டியதில்லை, பெருமுனை நன்றாக இருந்தது. ஆகவே ராட் கிராங்க்கேஸிலேயே நிற்க, வேலை அங்கேயே நடந்தது. முதலில் கிராங்க்கேஸ் வாயைச் சுத்தமான துணியால் நன்றாக அடைத்தேன். வெண்கலத் துகள் ஒன்று உள்ளே விழுந்தால் எண்ணெய் பம்ப் அதை எல்லா இடத்துக்கும் கொண்டுசெல்லும். அதே நீண்ட போல்ட் முறையில், புதுப் புஷ் ஒரு பக்கம் நுழைய நுழைய பழையது மறுபக்கம் ஒரு குழாய்க்குள் வெளியேறியது. ராட் மெல்லியது, அதைக் கையால் தாங்காமல் சுத்தியலால் தட்டினால் வளைந்துவிடும். போல்ட் முறையில் ராட் மேல் பக்கவாட்டு விசையே வராது. எண்ணெய்த் துளையை அழுத்திய பிறகு மேலிருந்து தொடர்ந்து துளைத்தேன்.

இந்தத் துளைக்கு விரியும் ரீமர், ஒவ்வொரு முறையும் மிகக் கொஞ்சமாக. பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் நான் தேடியது 0.015 முதல் 0.02 மி.மீ. எண்ணெய் தடவிய பின் கட்டைவிரல் அழுத்தத்தில் நுழைய வேண்டும், தன் எடையில் விழக்கூடாது. அந்த நிலை வந்ததும் ரீமரை ஓரம் வைத்துவிட வேண்டும்.

ரீமர் சாய்ந்திருந்தால் பிஸ்டன் சிலிண்டருக்குள் சாய்ந்து ஓடும், ஒரு பக்கம் மட்டும் தேயும். அதைப் பார்க்க, பின்னின் அளவுக்கே நேரான நீண்ட தண்டு ஒன்றைக் கடைந்து சிறுமுனையில் செருகினேன். கிராங்க்கேஸ் வாயின் இரு பக்கமும் ஒரே உயரமுள்ள இரண்டு பட்டைகளை வைத்து, தண்டை அவற்றின் மேல் இறக்கினால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். ஒரு பக்கம் தொட்டு மறுபக்கம் ஃபீலர் கேஜ் தாள் நுழைந்தால் துளை சாய்வு. ராடை முன்னுக்குச் சாய்த்து ஒருமுறை, பின்னுக்குச் சாய்த்து ஒருமுறை பார்த்தால், ராட் முறுக்கியிருக்கிறதா என்பதும் தெரியும். முறுக்கியிருந்தால் முன்னால் ஒரு பக்கமும் பின்னால் மறுபக்கமும் இடைவெளி காட்டும். இங்கே 0.03 மி.மீ தாள் எங்கும் நுழையவில்லை. பிஸ்டனை மாட்டினேன்.

முதல் ஓட்டத்தில் ஹேண்டிலில் இருந்த உதறல் இல்லை. பிரேக் பிடிக்கும்போது கீழிருந்து வந்த ‘டக்’கும் இல்லை. சைடு வால்வு இன்ஜினுக்கே உரிய சீரான, தாழ்ந்த சத்தம் மட்டும் இருந்தது. ஓட்டிவிட்டு வந்ததும் சூடு ஆறுவதற்குள் நான்கு நிப்பிள்களிலும் இரண்டு பக்க ஓரத்திலும் புதுக் கிரீஸ் பிதுங்கும்வரை அடித்தேன். பழையதோடு வெண்கலப் பொடி வருகிறதா என்று துணியில் தேய்த்துப் பார்க்க வேண்டும். முதல் சில ஓட்டங்களுக்குக் கொஞ்சம் வரும், பிறகு நிற்க வேண்டும். நர்லிங் வாஷர்களையும் அப்போதே திருப்பிப் பார்த்தேன். கீழ்முன் ஸ்பிண்டிலில் மட்டும் ஒரு துளி தளர்ந்திருந்தது. புதுப் பரப்புகள் உட்கார்ந்துகொண்டிருக்கின்றன. நட்டைத் தளர்த்தி, ஸ்பிண்டிலைச் சற்றுத் திருப்பி, மறுபடி இறுக்கினேன். அடுத்து, வால்வுத் தண்டு ஓடும் குழல்களான வால்வு கைடுகள். வெளியேற்று வால்வின் கைடு மணிவாய்போல விரிந்திருக்கிறது. வார்ப்பிரும்புக் கம்பி வாங்கி லேத்துக்குப் பக்கத்தில் வைத்தாயிற்று. முதலில் வால்வுத் தண்டை அளக்க வேண்டும்.